உறவினர் தொகுத்த குடும்ப வரலாற்றைப் பேணுதலும் தொடர்தலும்

உறவினர் ஒருவர் தம் வாழ்நாளில் தொகுத்த வம்சாவளி, குறிப்பேடுகள், கடிதங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை அவருக்குப் பின் காத்து, விடுபட்டவற்றைச் சேர்ப்பது குடும்ப வரலாற்று ஆய்வின் முக்கியமான பகுதியாகும். பெரும்பாலான குடும்பங்களில் இந்த வேலையை ஒருவர் மட்டுமே செய்கிறார். அவர் மறைந்து வீட்டைக் காலி செய்யும்போது நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. அவர் விசாரித்து எழுதிய முதியவர்கள் அவருக்கும் முன்பே மறைந்திருப்பார்கள். ஆகவே அந்த நோட்டு அழிந்தால் அதிலுள்ள செய்திகளை மீண்டும் பெற வழியில்லை.

குடும்பத்தார் காத்ததால் கிடைத்த எழுத்துக்குப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சான்று. 1761இல் அவர் மறைந்தபின், உடன்பிறந்தாரின் மகன் ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பு எழுதுவதைத் தொடர்ந்தார். வழித்தோன்றல்களிடம் இருந்த ஏடுகள் 1846இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன.

இருப்பதை இருந்தபடி காத்தல்

தாள்களை உடனே பிரித்து அடுக்கக் கூடாது. எந்தக் கடிதம் எந்த நோட்டுக்குள் இருந்தது என்பதும் ஒரு சான்றே. கட்டுகளை அப்படியே படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் எழுத வேண்டும். எண்ணைத் தாளின் பின்புற ஓரத்தில் பென்சிலால் எழுதலாம். துருப்பிடிக்கும் குண்டூசி, ஸ்டேப்ளர் பின் ஆகியவற்றை மெதுவாக நீக்க வேண்டும். கிழிசலைச் செலோ டேப்பால் ஒட்டினால் பசை பழுப்பேறித் தாளைக் கெடுக்கும். லேமினேட் செய்த தாளைப் பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாது.

எழுத்துப் பக்கங்களை 300 டிபிஐ, ஒளிப்படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்வது போதுமானது. படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். நகல்கள் குறைந்தது இரண்டு ஊர்களில் இருப்பது பாதுகாப்பு.

ஆண்டுகளையும் பெயர்களையும் அறிதல்

பழைய குறிப்புகளில் ஆண்டுக் கணக்கு பலவகைப்படும்.

- தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விரோதி ஆண்டு 1889, 1949, 2009 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. எது என்பதைத் தலைமுறை, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.
- நில ஆவணங்களில் வரும் பசலி ஆண்டுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.
- குமரி, நெல்லைப் பகுதிகளில் கொல்லம் ஆண்டும் வழங்கியது. கொல்லம் 1100 என்பது 1924-25 ஆகும்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் வரும். தந்தை பெயர், மனைவி பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இருவரை ஒருவராக எண்ணும் குழப்பம் நீங்கும்.

தொகுத்தவர் எழுதியது தவறெனத் தோன்றினாலும் மூல நோட்டில் திருத்தக் கூடாது. தனித் தாளில் திருத்தத்தையும் காரணத்தையும் தேதியுடன் எழுத வேண்டும். ஆவணத்தில் கண்டது, நேரில் கேட்டது, ஊகித்தது என்று பிரித்துக் குறிப்பது பின்னால் வருபவருக்கு உதவும்.

விடுபட்டதைச் சேர்த்தல்

பல வம்சாவளிகளில் ஆண் வழி மட்டுமே விரிவாக இருக்கும். பெண்களைப் பற்றி "பெண் 2" என்ற அளவில் முடிந்துவிடும். அவர்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகளில் விசாரிப்பதே தொடர்பவரின் முதல் கடமை எனலாம். கல்யாணப் பத்திரிகைகள், மொய் நோட்டுகள், ஜாதகங்கள் ஆகியவை இதற்குப் பெரிதும் பயன்படும். மொய் நோட்டில் ஊரும் பெயரும் சேர்ந்தே இருப்பதால் மறந்துபோன உறவுகள் அதில் கிடைக்கும்.

வெளியே தேடுவோருக்குப் பத்திரப் பதிவு அலுவலகம், தேவாலயப் பதிவேடுகள், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவை உண்டு. முன்னோர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றிருந்தால், 1860 முதல் 1911 வரையிலான கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றைத் தேடலாம்.

ஆவணக் காப்பகத்துக்குப் பிறகும் போகலாம். எண்பது வயதைக் கடந்த உறவினரிடம் இப்போதே போக வேண்டும். பழைய படங்களைக் காட்டிப் பேசச் சொல்லி, அனுமதியுடன் குரலைப் பதிவு செய்வது நல்ல முறை.

கவனிக்க வேண்டியவை

உயிருடன் இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, நோய் விவரங்களைப் பொதுவில் வெளியிடக் கூடாது. தத்து, மறுமணம், பிரிவு போன்றவற்றை மறைத்து எழுதினால் வரலாறு பிழையாகும். உரியவரைக் கேளாமல் பரப்பினால் மனம் புண்படும். எனவே முழுக் குறிப்பு வீட்டிலும், சுருக்கப் படி உறவினர் கையிலும் இருப்பது பொருத்தம். இந்த வம்சாவளி வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றுக்கு ஈடாகாது என்பதையும் அதில் எழுதிவைக்கலாம்.

தொகுத்தவரின் பெயரை முதல் பக்கத்தில் குறித்து, தொடர்பவர் எங்கிருந்து எழுதத் தொடங்கினார் என்பதையும் காட்ட வேண்டும். அடுத்துப் பொறுப்பேற்பவர் யார் என்பதைத் தாம் நலமாக இருக்கும்போதே முடிவு செய்து, நோட்டுகள் இருக்கும் இடத்தை அவருக்குச் சொல்லிவைப்பது அவசியம்.