சோழன் பஸ்ஸில் சோழன் தலைநகரம்

சின்ன வயசில் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு விஷயம் எனக்குப் புரியவே புரியாது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் 'சோழன்' என்று எழுதியிருக்கும். பெரம்பலூர் பக்கத்து பஸ்ஸில் 'தீரன் சின்னமலை'. ராஜா பேரு பஸ்ஸுக்கு எதுக்கு?

பின்னாடிதான் தெரிந்தது. 1972-ல் தமிழக அரசு தனியார் பஸ் கம்பெனிகளை எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகங்கள் ஆரம்பித்தபோது சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு, பெரும்பாலானவற்றைத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆக்கிவிட்டார்கள். ஆக, கால் நூற்றாண்டு காலம் சோழன் பெயர் தாங்கிய பஸ், சோழன் தலைநகரத்தின் வழியாக ஓடியிருக்கிறது. உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்பது வேறு கதை.

லண்டனில் ரூட்மாஸ்டர் மாடி பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விலகின. ஆனாலும் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, இன்னும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரிகின்றன. அந்த வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு நண்பர் கேட்டார்: "நம்ம கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இப்படி ஒரு பழைய பஸ் விட்டா எப்படி இருக்கும்?" சும்மா கேட்ட கேள்விதான். நான்தான் ரெண்டு வாரம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

முதலில், பஸ் எதற்கு? கோயில் ரோட்டோரமே இருக்கிறதே. இங்கேதான் சிக்கல். வருகிறவர்கள் கோயிலைப் பார்க்கிறார்கள், விமானத்தை போட்டோ எடுக்கிறார்கள், சிங்கக் கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது கோயிலை, ஊரை இல்லை. முதலாம் ராஜேந்திரன் சுமார் 1025-ல் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து இங்கே மாற்றினான். அதன்பின் சுமார் 250 வருஷம் இதுதான் சோழர் தலைநகரம். அந்த நகரம் எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. கிராமங்களின் பெயருக்குள் இருக்கிறது. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், கோட்டை, அரண்மனை, படைக்கலம், காவல், கட்டட வேலை என்று ஒரு தலைநகரமே வந்துவிடும். பெயரை மட்டும் வைத்து வரலாறு எழுதக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாளிகைமேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 1980-களிலும், திரும்ப 2020-க்குப் பிறகும் தோண்டியபோது செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. பெயர் பொய் சொல்லவில்லை.

மேற்கே பொன்னேரி. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் இதுதான். கங்கைப் படையெடுப்பின் வெற்றித்தூணைத் தண்ணீராலேயே நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கரை மட்டும் சுமார் 16 மைல் இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. தெற்கே போனால் அணைக்கரை. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் சுற்றுமதில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதாவது கோயிலை முழுசாகப் பார்க்கணும்னா அணையையும் போய்ப் பார்க்கணும்.

இதெல்லாம் நடந்து பார்க்கிற தூரம் இல்லை. காரில் ஏசி போட்டுக்கொண்டு போனால் கண்ணுக்கே படாது. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாத, நாற்பதுக்கு மேல் போகாத ஒரு பழைய பஸ்தான் இதற்குச் சரியான வண்டி. எண்ணூரில் செய்த லேலண்ட் சேஸிஸ், கரூரில் கட்டிய பாடி, மழை வந்தால் இறக்கிவிடும் தார்ப்பாய்.

சரி, விடலாமா? சட்டத்தைப் புரட்டினால் கதவு சாத்தியிருக்கிறது. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவுமுறை கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்கணும், அசல் உருவம் மாறியிருக்கக்கூடாது. நம்பரில் 'விஏ' என்று எழுத்து வரும். ஆனால் அது சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும். டிக்கெட் கிழித்து ஆள் ஏற்றுவது கிடையாது. இன்னொரு பக்கம், 15 வயது தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கக்கூடாது என்று விதி. போக்குவரத்துக் கழக பஸ்களும் அதில் அடக்கம். ஐம்பது வயசு ஆனால்தான் மரியாதை, பதினைந்திலேயே காயலான் கடை. நடுவில் முப்பத்தைந்து வருஷம் ஒரு பஸ் எங்கே ஒளிந்துகொள்ளும்?

புகை, பிரேக், விபத்து என்று பார்த்தால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது. அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பிரேக் பிடிக்காத பஸ்ஸில் போக எனக்கும் ஆசை இல்லை. ஆனால் ஒரு மாடலுக்கு ஒரு பஸ்ஸாவது எடுத்து வைக்கலாம். ஹைதராபாதில் நிஜாம் ரயில்வே 1932-ல் 27 பஸ்களோடு சேவை ஆரம்பித்தது. அந்தக் காலத்து ஆல்பியன் பஸ் ஒன்றைச் சீர்செய்து பஸ் பவனில் நிறுத்தியிருக்கிறார்கள். ஓடாவிட்டாலும் இருக்கிறது. சோழன் பஸ் ஒன்று அப்படி எங்கேயாவது நிற்கிறதா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். கையை விரித்தார்கள்.

ஓட்டுவதற்கு ஒரே வழி, புது சேஸிஸில் பழைய மாதிரி பாடி கட்டுவது. கரூரில் அதற்குக் கை இருக்கிறது. சுத்தமான பழசு இல்லைதான். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பார்க்கப்போவது பஸ்ஸை இல்லை, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற ஊரை.

போன மாதம் ஒரு ஒத்திகை மாதிரி, இருக்கிற பஸ்களிலேயே போனேன். பெரம்பலூரில் காலை ஆறரைக்கு ஏறி, அரியலூரில் மாறி, ஜெயங்கொண்டத்தில் இட்லி சாப்பிட்டு, கோயில் வாசலில் இறங்கும்போது பத்தைத் தாண்டிவிட்டது. மாளிகைமேட்டுக்கு வெயிலில் நடை. தோண்டிய குழியில் செங்கல் வரிசை, பக்கத்திலேயே மேயும் ஆடு. பொன்னேரிக் கரைக்கு ஷேர் ஆட்டோ. அணைக்கரைக்குப் போகக் கோயில் ஸ்டாப்பில் நின்றபோது, பெட்டிக்கடை அம்மாவிடம் கும்பகோணம் பஸ் எப்போது என்று கேட்டேன்.

"நில்லுங்க தம்பி, இன்னும் பத்து நிமிஷத்துல சோழன் வரும்" என்றார்.