உயிர்த்த ஞாயிறும் சிறுவர் விஞ்ஞானமும்

தவக்காலத்தின் நாற்பது நாள்களும் கழிந்து, பெரிய வெள்ளியின் மௌனமும் நீங்கி, நள்ளிரவுத் திருவழிபாட்டிலே பாஸ்காத் திரி ஏற்றப்பட்ட பின்னர், வியாழன் மாலை தொடக்கம் ஒலியடங்கிக் கிடந்த ஆலய மணிகள் மீண்டும் ஒலிக்கத் தொடங்குகின்றன. மன்னாரிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களிலும் வாழும் கிறித்தவச் சிறுவர்க்கு அது ஆண்டின் பெருநாள். பாடசாலைகளின் கீழ்வகுப்புகளிலும், விடுமுறைக்கு முன்னரோ பின்னரோ, இத்திருநாள் கொண்டாடப்படுவதுண்டு. பிள்ளைகள் பாட்டுப் பாடுவர், கதை கேட்பர், அவித்த முட்டைகளுக்கு நிறந்தீட்டி மகிழ்வர். அம்மகிழ்ச்சி அடங்கியதும், “இனிப் பாடத்தைப் பார்ப்போம்” என்று ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். பிள்ளைகளின் கையிலே பாடம் இருப்பதை அவர் கவனிப்பதில்லை.

ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு விஞ்ஞானம் என்பது யாது? கூர்ந்து பார்த்தல், வினாவுதல், இன்னது நிகழும் என்று முன்கூட்டிச் சொல்லுதல், சொன்னது சரியோ பிழையோ என்று செய்து பார்த்தல் ஆகிய நான்குமேயாம். ஆரம்ப வகுப்புகளிற் கற்பிக்கப்படும் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடம் வேண்டி நிற்பதும் இதனையே. இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கோழிமுட்டை சில, சிறிது வினாகிரி, ஒரு பிடி பயறு, மஞ்சள் தூள், மெழுகுதிரி ஒன்று ஆகியவை போதும்.

முட்டை இத்திருநாளோடு சேர்ந்த வரலாறே சுவையானது. மத்திய காலத்து ஐரோப்பாவிலே தவக்காலத்தில் ஊனுடன் முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. மனிதர் நோன்பிருந்தாலும் கோழிகள் நோன்பிருப்பதில்லை. நாற்பது நாளும் அவை இட்ட முட்டைகள் வீடுகளிற் சேர்ந்தன; நோன்பு முடிந்த நாளிலே விருந்தாயின, நிறந்தீட்டிய பரிசாயின. ஓட்டை உடைத்து வெளிவரும் குஞ்சு, திறந்த கல்லறைக்கு உவமையும் ஆயிற்று.

நிறந்தீட்டுவதிலேயே முதலாவது பரிசோதனை தொடங்குகின்றது. வெங்காயச் சருகும் சிறிது வினாகிரியும் இட்ட நீரிலே ஆசிரியர் முட்டையை அவித்தால் செம்பழுப்பு நிறம் ஏறும். மஞ்சள் தூள் பொன்னிறம் தரும். பின்னர், மஞ்சள் நீரிலே தோய்த்து உலர்த்திய வெள்ளைக் கடதாசித் துண்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவற்றின் மீது சவர்க்கார நீர் விட்டால் என்னவாகும் என்று கேட்கலாம். ஒவ்வொருவரும் தம் எண்ணத்தைச் சொன்ன பின்னரே நீர் விடப்படுதல் வேண்டும். நீர் பட்ட இடம் செம்மையாகும். அச்செம்மை மீது தேசிக்காய்ச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். கறிக்கறை படிந்த சட்டையைத் தாய் சவர்க்காரமிட்டுத் தோய்த்தபோது அக்கறை சிவந்ததைக் கண்ட பிள்ளை ஒன்றேனும் அவ்வகுப்பில் இருக்கும். அமிலம், காரம் என்னும் பெயர்கள் மேல்வகுப்பிலே வரும்போது அப்பிள்ளைக்கு அவை வெறுஞ் சொற்களாகத் தோன்றா.

இரண்டாவது பரிசோதனைக்குப் பச்சை முட்டை ஒன்று வேண்டும். அதனைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, மூழ்கும்வரை வினாகிரி ஊற்றினால், சற்று நேரத்தில் ஓட்டின் மேலெங்கும் சிறு குமிழிகள் தோன்றும். முட்டையோடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றினால் ஆயது. வினாகிரியிலுள்ள அமிலம் அதனைக் கரைக்கும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளிப்படுகின்றது; குமிழிகள் அவ்வாயுவே. ஒருமுறை வினாகிரியை மாற்றிவிட்டால், இரண்டு நாளளவில் ஓடு முழுவதும் கரைந்து, மென்சவ்வினால் மட்டும் மூடப்பட்ட முட்டை எஞ்சும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மஞ்சட்கரு உள்ளே நிழலாக அசைவது தெரியும். அதனை நீரிலே இட்டு வைத்தால் பருக்கும்; கெட்டியான சீனிப்பாகிலே இட்டு வைத்தால் சுருங்கும். மென்சவ்வு நீரைப் போகவரவிடுகின்றது என்பதைப் பிள்ளைகள் நூல் கொண்டு அதன் சுற்றளவை அளந்தே கண்டுகொள்வர். பச்சை முட்டையைத் தொட்டவர் யாவரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் இப்பாடத்தின் ஒரு பகுதியாகும்.

இவை இரண்டினும் மேலானது அடைகாத்தலைக் கண்டறிதல். மாணாக்கர் ஒருவரின் வீட்டிலே அடைக்கோழி இருக்குமாயின், திருநாளுக்கு மூன்று வாரங்களின் முன் அதற்கு முட்டை வைக்கச் செய்து, வகுப்பிலே நாட்கணக்கு எழுதி வரலாம். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய இருபத்தொரு நாள் செல்லும். ஏழாம் நாளளவில் இருட்டறையிலே மின்சூளின் ஒளியை முட்டையின் பருத்த முனையிலே பாய்ச்சினால், சிவந்த நரம்புகள் வலைபோற் படர்ந்திருப்பதைக் காணலாம். முட்டையோட்டில் ஆயிரக்கணக்கான நுண்டுளைகள் உள்ளன. அவற்றினூடாகவே வளரும் கரு ஒட்சிசனைப் பெறுகின்றது. குஞ்சின் எலும்புக்கு வேண்டிய கல்சியத்தின் பெரும்பகுதியும் அவ்வோட்டிலிருந்தே செல்கின்றது. வினாகிரியிலே கரைந்துபோன அதே பொருள் இங்கே எலும்பாகின்றது. அதனால் மெலியும் ஓடு குஞ்சுக்கு உடைப்பதற்கும் எளிதாகின்றது. இறுதி நாள்களிலே குஞ்சு தன் அலகின் நுனியிலுள்ள சிறு முனையாற் பருத்த முனையிலுள்ள காற்றறையைத் துளைத்து, முதன்முறையாகச் சுவாசிக்கின்றது. ஓடு உடையுமுன்னரே உள்ளிருந்து குரல் கேட்பது அதனாலேயே.

இந்நிலையிலே வகுப்பில் எழக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. “முட்டைக்குள்ளே குஞ்சு செத்திருந்து உயிர்த்ததா, ரீச்சர்?” என்று ஒரு சிறுமி கேட்பாள். ஆசிரியர் தடுமாறும் இடம் இது. திருநாளின் பொருளோடு பொருந்துவதுபோலத் தோன்றுவதால், ஆம் என்று சொல்லிவிட மனம் வரும். அவ்வாறு சொன்னால், மூன்று வாரமாகப் பிள்ளை தன் கண்ணாற் கண்டதை ஆசிரியரே பொய்யாக்கியவராவார். “இல்லை மகள், அது தொடக்கத்திலிருந்தே உயிரோடிருந்தது” என்பதே நேர்மையான விடை.

இவ்விடையை உறுதிப்படுத்தப் பயறு உதவும். யோவான் எழுதிய நற்செய்தியிலே மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணி உவமையாக வருகின்றது. பயற்றிற் பாதியை அவித்தும், மறுபாதியை அவிக்காமலும், ஈரப் பஞ்சின் மீது வெவ்வேறாக இட்டு வைத்தால், இரண்டொரு நாளில் அவிக்காத பயறு வேர்விடும். அவித்த பயறு எத்தனை நாள் காத்திருந்தாலும் முளையாது, அழுகிவிடும். காய்ந்த விதை உறங்கிக் கிடந்ததேயன்றி இறந்திருக்கவில்லை என்பதும், உண்மையாகவே இறந்த விதை முளைப்பதில்லை என்பதும் பிள்ளைக்கு விளங்கும்.

இதனாற் பிள்ளையின் சமய நம்பிக்கை தளர்ந்துவிடுமோ என்று பெற்றோர் சிலர் அஞ்சலாம். அந்த அச்சம் வேண்டியதில்லை. அவித்த பயறு முளையாதென்று கண்ட பிள்ளைக்குத்தான், உயிர்த்தெழுதல் என்று சமயம் கூறும் சொல்லின் பெருமையும் விளங்கும். முட்டை பொரிப்பது போன்ற நாளாந்த நிகழ்ச்சியே அதுவென்றால் ஆலய மணி ஒலிக்க வேண்டிய காரணம் யாது? உவமையை உவமையாகவும் கண்டதைக் கண்டதாகவும் வைத்துக்கொள்ளப் பழகிய பிள்ளை, இரண்டையும் இழப்பதில்லை. விஞ்ஞானத்தைக் கொண்டு சமயத்தை நிறுவ முயல்வதும், அதனைக் கொண்டு சமயத்தை நகையாடுவதும் ஆரம்ப ஆசிரியரின் பணியல்ல.

மைக்கல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி இதற்கு நல்ல சான்று. ஆழ்ந்த கிறித்தவ பக்தராகிய அவர், தாம் சார்ந்த சிறு சபையிலே மூப்பராகவும் விளங்கியவர். அவரே இலண்டன் றோயல் நிறுவனத்தில் 1848ஆம் ஆண்டிலும், பின்னர் 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய நத்தார்க்கால விரிவுரைகளிலும், சிறுவர் முன்னிலையில் மெழுகுதிரி ஒன்றையே பொருளாகக் கொண்டு பேசினார். மெழுகு எவ்வாறு திரியில் ஏறுகின்றது, சுடர் ஏன் ஒளிர்கின்றது, எரிந்தபின் எவை உண்டாகின்றன என்பவற்றையெல்லாம் செய்து காட்டினார். ஆலயத்தில் ஏற்றிய திரியை வணங்கிவிட்டு வந்த பிள்ளை, வகுப்பிலே ஆசிரியர் ஏற்றிய திரியின் மேற் குவளையைக் கவிழ்த்து அது அணைவதைப் பார்ப்பதில் முரண்பாடு எதுவுமில்லை.

இத்திருநாளின் தேதியும் பிள்ளைகள் கண்டறியத்தக்கதொன்று. நத்தார் போல இதற்கு நிலையான தேதி கிடையாது. 325ஆம் ஆண்டிலே நைசியாவிற் கூடிய சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றில் இத்திருநாளைக் கொண்டாட வேண்டும் எனத் தீர்மானித்தது. மார்ச் 21ஆம் தேதியன்றோ அதன் பின்னரோ வரும் முதற் பூரணையை அடுத்த ஞாயிறே திருநாள் என்பது பின்னர் நிலைத்த விதி. ஆகவே அது மார்ச் 22க்கு முன்னரோ ஏப்ரில் 25க்குப் பின்னரோ வருவதில்லை. நாட்காட்டி வானத்தோடு ஒவ்வாமற் பத்து நாள் பின்தங்கியதைக் கண்டு, பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் 1582இல் அதனைத் திருத்தியதற்கும் இத்திருநாளே காரணமாயிற்று.

பூரணையைப் போயா விடுமுறையாகக் கொள்ளும் இலங்கையில் இதனைக் கண்டறிதல் எளிது. பௌத்தப் பிள்ளைக்குப் போயாவாகவும், சைவப் பிள்ளைக்குப் பங்குனி உத்தரத்தையோ சித்திரா பௌர்ணமியையோ ஒட்டியதாகவும் வருவது அதே நிலவு. முஸ்லிம் பிள்ளையோ பிறை பார்த்து மாதம் எண்ணும் மரபினது. நான்கு சமயத்துப் பிள்ளைகளும் இரண்டு வாரம் நிலவை வரைந்து வந்து, பூரணைக்குப் பின் எத்தனையாம் நாளிலே உயிர்த்த ஞாயிறு வருகின்றது என்று ஒன்றாக எண்ணலாம். திருச்சபை அட்டவணைப்படி கணிப்பதால் ஒரோவழி ஒருநாள் முன்பின்னாகத் தோன்றலாம், அதுவும் வினாவுக்குரியதே.

2019ஆம் ஆண்டிலே போயாவும் பெரிய வெள்ளியும் ஏப்ரில் 19ஆம் தேதியாகிய ஒரே நாளில் வந்தன. அடுத்த ஞாயிறு காலையிலே கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களிலும், தலைநகரின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்டவருள் சிறுவர் பலர். இன்று கீழ்வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்நாள் நினைவில் இராது. அவர்தம் இல்லங்களில் அது நினைவிலிருந்து நீங்காது. வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்து மூடியைத் தெறிக்கச் செய்யும் விளையாட்டு வேறு காலத்திலே நல்ல பாடமாகலாம். திருநாட்காலத்து வகுப்பறைக்கு முட்டையும் பயறும் நிலவுமே ஏற்றவை. அவை ஓசையின்றிக் கற்பிக்கின்றன. பொறுத்திருந்து பார்க்கவும் பழக்குகின்றன.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி, இவற்றுக்கு நேரமேது என்று கேட்பாரும் உளர். இருபத்தொரு நாள் என்று மனனஞ் செய்த பிள்ளை அதனை எழுதி ஒரு புள்ளி பெறும். எண்ணிப் பார்த்த பிள்ளையும் அப்புள்ளியைப் பெறும். அத்துடன், வைத்த முட்டைகளிற் சில பொரிக்கவில்லை என்பதையும் அறிந்திருக்கும், ஏன் என்று கேட்கவும் செய்யும். அக்கேள்வி வீட்டிலும் எழும். அவ்வேளை தாயோ தந்தையோ விடை தெரியாவிடில், “வா, பார்ப்போம்” என்று பிள்ளையுடன் எழுந்து சென்றால் அதுவே போதும்.