நல்ல கம்பெனிதான்

கண்ணாடிக் கட்டடங்கள் – 9

சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டினால் எங்கள் அலுவலகம். அதற்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை. டீ சொன்னதும் எல்லோருடைய கையும் ஒரே காரியத்தைச் செய்யும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளும். பெண்கள் துப்பட்டாவுக்குள் தள்ளிவிடுவார்கள். குனியும்போது கிளாஸில் விழுந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதற்குப் பிறகு பேசப்போகிற பேச்சு.

"ஆன்சைட் ஆன்சைட்னு சொல்லியே ரெண்டு வருஷம் ஓட்டிட்டான்." "ரிலீஸ் முடியற வரைக்கும் நான்தான் ஹீரோ. அப்ரைசல் வந்தா யாருன்னே தெரியாது." "பேப்பர் போட்டுட்டேன் மச்சி." இதே ஆளை, அட்டை வெளியே தெரிகிறபோது பிடித்து, கம்பெனி எப்படி என்று கேட்டுப் பாருங்கள். சூப்பரா இருக்கு சார் என்பார். இரண்டும் பொய்யில்லை என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

பதினோரு வருடம் நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். அந்தப் பதினோரு வருடத்தில் 'கம்பெனி எப்படி?' என்ற கேள்விக்கு நானே எத்தனை விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்! சம்பந்தம் பேச வந்த பெரியவரிடம், "பர்மனன்ட் வேலைங்க, வெளிநாடு போக வாய்ப்பிருக்கு." கடைசி வருடம் படித்த சித்தி பையனிடம், "வேற எதுவும் கிடைக்கலைன்னா வா." சாத்தூரிலிருந்து அம்மா போனில் கேட்டால், "ஏசிம்மா, குளிருது." அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வெக்கையில் இருபது வருடம் கணக்கு எழுதியவரின் மனைவி அவர்.

அதே கேள்வியைக் கம்பெனியும் வருடத்துக்கு ஒரு தடவை கேட்கும். அதற்குப் பெயர் ஊழியர் கருத்துக் கணிப்பு. நாற்பது கேள்வி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். உங்கள் பெயர் எங்கும் பதிவாகாது என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். பத்து நாள் கழித்து ஒரு மெயில் வரும்: நீங்கள் இன்னும் பூர்த்தி செய்யவில்லை. பெயரே தெரியாதென்றால், நான் செய்யவில்லை என்பது எப்படித் தெரிந்தது? டீக்கடையில் வருடா வருடம் இந்தக் கேள்வி எழும், வருடா வருடம் சிரிப்போம்.

டெஸ்டர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். யார் பதில் சொன்னார் என்பதையும் என்ன சொன்னார் என்பதையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியும். ஒழுங்காக நடத்துபவர்கள் அப்படித்தான் வைக்கிறார்கள். குழு மிகச் சிறியதாக இருந்தால் அதன் முடிவைத் தனியாகக் காட்டவும் மாட்டார்கள். ஆனால் எங்கள் படிவத்தில் கடைசிப் பக்கம் வயது, பாலினம், எத்தனை வருட அனுபவம், எந்தப் பிரிவு என்று கேட்டது. ஏழு பேர் கொண்ட எங்கள் டீமில் பெண்கள் இரண்டு பேர். அதில் பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர் ஒருவர்தான். "இதுக்கு என் போட்டோவையே ஒட்டிக் குடுத்துடலாம்," என்றார் அவர்.

மேனேஜர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "மனசுல பட்டதைப் போடுங்கப்பா. ஒண்ணே ஒண்ணு, போன வருஷம் நம்ம டீம் 3.9." அந்த எண் அவருடைய அப்ரைசலில் ஏறும் என்பது எங்களுக்கும் தெரியும். அவருக்கும் வீட்டுக் கடன் இருந்தது. ஐந்து போட்டால் ஜால்ரா. இரண்டு போட்டால் வம்பு. மூன்று போட்டால், ஏன் இந்தச் சோர்வு என்று ஒரு மீட்டிங். ஆகவே நாலு. நாற்பது கேள்விக்கும் நாலு போட்டு, மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து டீ குடித்திருக்கிறேன். ஒரு வருடம் 'வேலையும் வீடும்' என்ற தலைப்பில் மட்டும் எங்கள் மதிப்பெண் சரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு கூட்டம் போட்டார்கள், வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு.

கம்பெனிக்கு வெளியே இருப்பவர் கேட்டால் பதில் எப்படி மாறும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் ஓர் உதாரணம். 2012-ல் கர்ட் ஐகன்வால்ட் என்ற பத்திரிகையாளர் வேனிட்டி ஃபேர் இதழுக்காக அந்த நிறுவனத்தின் இந்நாள், முன்னாள் ஊழியர்களிடம் பேசினார். பேசிய அத்தனை பேரும் ஒரே விஷயத்தைக் குறை சொன்னதாக எழுதினார்: ஊழியர்களை வரிசைப்படுத்தும் முறை. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் புகழடைய வைத்தது இது. மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. மணியின் வடிவில் வளைவு வரும் என்பதால் நம்மவர்கள் பேச்சுவழக்கில் இதை 'பெல் கர்வ்' என்பார்கள். பத்துப் பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஒருவர் கீழே கிடந்தாக வேண்டும். விளைவு என்ன? கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் டீமில் சேராமல் நழுவினார்கள். சுற்றிலும் சுமாரானவர்கள் இருந்தால்தானே வளைவின் மேல்பக்கம் தனக்குக் கிடைக்கும்!

2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த முறையைக் கைவிட்டது. 2015-ல் இன்ஃபோசிஸும் கட்டாய வளைவை விட்டது. இந்த அளவுக்குக் கசந்திருந்த ஒன்று, உள்ளே எத்தனை படிவங்களில் 'நாலு' வாங்கியிருக்குமோ.

எங்கள் அலுவலகத்தில் அந்தக் கீழ்ப் பத்து யார் தலையில் விழும் என்பதை நவம்பரிலேயே சொல்லிவிடலாம். பிரசவ விடுப்பில் போனவர், பாதியில் வேறு டீமிலிருந்து வந்தவர், ஏற்கெனவே பேப்பர் போட்டவர், அதாவது ராஜினாமா கொடுத்தவர். ஒரு வருடம் எங்கள் டீமில் யாரும் பேப்பர் போடவில்லை. மேனேஜர் உண்மையிலேயே தவித்துப்போனார்.

பயம் சும்மா வருவதில்லை. 2014 கடைசியில் டி.சி.எஸ். ஆட்குறைப்பு பற்றிய செய்தி வந்தபோது, டீக்கடையில் அட்டையைப் பைக்குள் போட்ட பிறகும் குரல் தாழ்ந்தது. வேலைநீக்க நோட்டீஸ் வாங்கிய கர்ப்பிணி ஒருவர் 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. நிறுவனம் நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைத்துக்கொள்ளலாம், 1947-ன் தொழில் தகராறுச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று தமிழக அரசு 2016-ல் தெளிவுபடுத்தியது. அப்போதும் எங்கள் கூட்டத்தில் பலர் சொன்னது, "நாம என்ன லேபரா?" என்றுதான். ஆறு வருடம் போனால் எல்லோருக்கும் 'லீட்', 'மேனேஜர்' என்று ஒரு பட்டம் வந்துவிடுகிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவரை அந்தச் சட்டம் தொழிலாளியாகக் கணக்கில் கொண்டதில்லை. பட்டம் சும்மா கிடைக்கவில்லை என்பது பின்னால்தான் உறைக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தங்கையின் கல்யாணம் அந்தச் சம்பளத்தில் நடந்தது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை கம்பெனி இன்ஷூரன்ஸில் நடந்தது. கூட்டத்தில் ஆங்கிலம் பேசக் கூசிய ஒருவன், நள்ளிரவு அழைப்பில் அமெரிக்கக்காரரிடம் "உங்கள் தேவை அறிக்கையே தப்பு" என்று சொல்லும் அளவுக்கு ஆனான். நாற்பது கேள்வியில் ஒன்றுகூட இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூசாமல் ஐந்து போட்டிருப்பேன்.

கடைசியில் நானும் பேப்பர் போட்டேன். தொண்ணூறு நாள் நோட்டீஸ். கடைசி நாள், எச்.ஆர். பெண் ஒரு படிவத்தைத் திறந்தார். ஏன் போகிறீர்கள்? பட்டியலில் இருந்ததில் 'சொந்தக் காரணம்' என்பதைக் காட்டினேன். மறுபடி இங்கே சேர்வீர்களா? சேர்வேன். நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா? செய்வேன். அனுபவச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. நாளைக்குப் புதுக் கம்பெனி ஆள் வைத்து விசாரிக்கும்போது பதில் சொல்லப்போவது இவர்கள்தான். வேறு என்ன சொல்ல?

அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து டீ சொன்னேன். கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் இறங்கியது. மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"என்ன சார், விட்டுட்டீங்களா?"

"ஆமாண்ணே. இன்னிக்குத்தான்."

"நல்லவேளை, போறதுக்குள்ள பாத்தேன். பையனுக்குக் காலேஜ்ல கேம்பஸ் வந்துச்சு. உங்க கம்பெனிதான் எடுத்திருக்கு. கம்பெனி எப்படி சார்?"

ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நல்ல கம்பெனிதாண்ணே," என்றேன். "ஷிஃப்ட் மட்டும் என்னன்னு முன்னாடியே கேட்டுக்கச் சொல்லுங்க."

(தொடரும்)