மூளைப் பவளம்: மன்னார் வளைகுடா

பார்வைக்குப் பாறை. உண்மையில் இது, பாலிப் எனும் மென்னுடல் சிற்றுயிர்கள் சேர்ந்து வாழும் ஒரு கூட்டுயிர். பல பவளங்களில் பாலிப் பிரிந்ததும் ஒவ்வொன்றும் தனக்கெனச் சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்ளும். மூளைப் பவளத்திலோ புது வாய் உண்டாகும்; நடுவே சுவர் எழும்பாது. நிட்டிங் மெஷினில் வளையத்தோடு வளையம் கோத்துக்கொண்டே போவதுபோல வாய்கள் வரிசையாகத் தொடர, அந்த நீண்ட பள்ளங்களும் அவற்றின் கரைகளும்தான் மேலே தெரியும் மூளை போன்ற நெளிவுகள். என்ன அழகு!

பச்சையும் பழுப்புமான நிறத்தில் பெரும்பங்கு, உடலுக்குள் வாழும் ஒருசெல் பாசிகளுடையது. பகலில் அவை வெயிலைக் கொண்டு சமைத்த உணவில் பெரும்பகுதி பவளத்துக்கே சேரும். இரவில் உணர்கொம்புகள் நீண்டு மிதவை உயிர்களைப் பிடிக்கும். கடல் சூடேறினால் பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இப்படி நடந்தது.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி இப்பவளங்கள் வளர்கின்றன. முன்பு சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தார்கள். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் உயிருக்கு அது பேரிழப்பு. 2001 முதல் கடும்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

ராமேஸ்வரம் போகும்போது பவளத் துண்டுகளை எடுக்கவோ வாங்கவோ வேண்டாம்.