மான் சாகாத மான்கொம்பு

செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு அருகே குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சீனப் படங்களில் வீரர்கள் இரண்டு கையிலும் ஜோடி ஆயுதம் ஏந்திச் சண்டையிடுகிறார்களே, நம்மிடம் அப்படி எதுவும் இல்லையா?”

இருக்கிறது. சிலம்பக் கம்பைப் பார்க்காதவர் இல்லை. அதே ஆசான்கள் கற்றுத்தரும் மான்கொம்பைப் பார்த்தவர்கள்தான் குறைவு. மடு என்றும் சொல்வார்கள். இரண்டு கொம்புகளின் அடிப்பகுதிகளைச் சேர்த்து, கூர்முனைகள் எதிரெதிர்ப் பக்கம் நீளும்படி பிணைத்திருக்கும். நடுவில் கைப்பிடி. கைக்கு ஒன்றாக எடுத்தால் நான்கு முனைகள். இறங்கும் கம்பை ஒரு கை தடுக்கும்போதே மறு கை உள்ளே புகுந்து குத்தும். எதிராளியை நெருங்கினால்தான் இதற்கு வேலை. காலடி பிசகினால் அடி நமக்கு. என் பெரியப்பா தவில் வாசிப்பார். இடக்கைக் குச்சிக்கு ஒரு கணக்கு, வலக்கை விரல்களுக்கு வேறு கணக்கு, தாளம் மட்டும் ஒன்று. இரட்டைக் கொம்பு ஆடுபவருக்கும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

எனக்குத் தீராத வியப்பு அந்தக் கொம்பின்மேல்தான். மரபாக அது இரலை மானுடையது. திருகித் திருகி முக்கால் மீட்டர் வரைகூட வளரும். உள்ளே எலும்பு, மேலே, நம் நகத்தில் இருக்கும் அதே கெராட்டினால் ஆன உறை. அதில் வரிசையாக வளையங்கள். இரண்டு ஆண் மான்கள் முட்டிக்கொள்ளும்போது கொம்புகள் வழுக்காமல் கோத்துக்கொள்ள இவை உதவுகின்றன. புள்ளிமான் தன் கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். இரலை சாகும்வரை உதிர்க்காது. ஆகவே ஒரு ஜோடி ஆயுதம் என்றால் நான்கு கொம்பு. நான்கு கொம்பு என்றால் இரண்டு மான்.

வள்ளி என்ற மானுக்குச் சமாதி வைத்திருக்கும் ஆசிரமத்தின் அருகில் வாழ்பவருக்கு இந்தக் கணக்கின் பாரம் புரியும். கிண்டியிலும் கோடியக்கரையிலும் நாம் காணும் இரலை, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு. வேட்டையும் குற்றம், கொம்பு வியாபாரமும் குற்றம். அப்படியும் அசல் கொம்பில்தான் ஆட்டம் எடுபடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. அது வீண் பேச்சு. சீனத்தின் பாகுவாஜாங் கலையிலும் மான்கொம்புக் கத்தி என்ற ஜோடி ஆயுதம் உண்டு. இரண்டு பிறைகளைக் குறுக்கே கோத்தாற்போன்ற அது முழுக்க உலோகம். அதனால் அந்தக் கலை ஒன்றும் குறைந்துபோகவில்லை. நம்மிடமும் மரத்தில், உலோகத்தில் செய்த கொம்புகள் இருக்கின்றன.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கலை மேடையேறும் இந்த நேரத்தில் பழக்கமும் சுத்தமாக இருக்கட்டும். பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்க்கும்போது, கொம்பு எதில் செய்தது என்று ஆசானிடம் கேளுங்கள். அசல் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.