மீனுக்கு மீனா, புண்ணாக்கா?

கொல்கத்தாவில் வாழும் நம் குடும்பங்களுக்கு ரோகுவும் கட்லாவும் புதியவை அல்ல. குளத்து மீன் பெருகினால் கடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது பலரது எண்ணம். அது பாதி உண்மைதான். ஏனெனில், பல வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் கடல் மீனே கலந்திருக்கிறது.

மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை வேகவைத்து, எண்ணெயையும் நீரையும் பிழிந்து, உலர்த்தி அரைத்தால் கிடைப்பது மீன் தூள். அதில் 60 முதல் 70 சதவீதம் புரதம். பெரு நாடுதான் இதில் முதன்மை ஏற்றுமதியாளர். அங்கே எல் நினோவால் கடல் சூடேறினால் நெத்திலி வரத்து சரியும். 1972-ல் அப்படித்தான் சரிந்தது. 2023-லும் ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவமே ரத்தாயிற்று. இது போகட்டும், ஏழை வீட்டுக் குழம்புக்கு ஆகும் மத்தியைத் தூளாக்கி வேறொரு மீனுக்குப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

ரோகு, கட்லா வகையில் சிக்கல் குறைவு. வங்காளத்துக் குளங்களில் கடுகுப் புண்ணாக்கும் தவிடும் போட்டே அவற்றை நெடுங்காலமாக வளர்த்து வந்திருக்கிறார்கள். சிக்கல் எல்லாம் மீனைத் தின்னும் மீன்களிடம்தான். இங்கே பேட்கி என்று விற்கும் நம் ஊர்க் கொடுவாய்க்குத் தீவனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும்.

சோயாப் புண்ணாக்கில் 45 சதவீத அளவுக்குப் புரதம் உண்டு. ஆனால் புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் தொடர். சரக்கு ரயிலில் மிக மெதுவான வேகனுக்கு அனுமதித்த வேகம்தான் முழு வண்டிக்கும். அதுபோல, எந்த அமிலம் குறைகிறதோ அதுவே வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும். சோயாவில் மெத்தியோனின் குறைவு, லைசின் தாராளம். எள்ளுப் புண்ணாக்கில் நேர் எதிர். இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். நம் இட்லியில் அரிசியும் உளுந்தும் செய்யும் வேலையும் இதுவேதான்!

பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு. சூடாக்கினால் அது அழியும். சூடு மிஞ்சினாலோ லைசினும் கெட்டுவிடும். கொல்லுலை வேலைபோல் பதம் பார்க்க வேண்டும். இன்னொன்று பைட்டேட். தாவரத்திலுள்ள பாஸ்பரஸை அது பூட்டி வைத்துக்கொள்வதால், மீனுக்குச் சேராமல் கழிவாகி, நீரில் பாசியைப் பெருக்குகிறது. பைட்டேஸ் என்னும் நொதியைத் தீவனத்தில் சேர்த்தால் அந்தப் பூட்டு திறக்கும். கடலைப் புண்ணாக்கு வாங்குவோர் பூஞ்சை பிடிக்காததாகப் பார்த்து வாங்கவேண்டும். அஃப்ளடாக்சின் நஞ்சு அதில்தான் எளிதில் சேரும்.

நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-ல் சுமார் 90 சதவீதம் கடல் சரக்கு. 2013-ல் அது 30 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. சாதாரண சோயாப் புண்ணாக்கு சால்மனின் குடலைப் புண்ணாக்கியதால், சுத்திகரித்த சோயாப் புரதத்துக்கு மாறினார்கள்.

மீன் எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தால், மருத்துவர்கள் மெச்சும் ஒமேகா-3 கொழுப்பு மீனில் குறைகிறது. கடலில் மீனுக்கு அந்தச் சத்து வந்ததே நுண்பாசியிலிருந்துதான். அந்தப் பாசியைத் தொட்டிகளில் வளர்த்து எடுத்த எண்ணெயும் இப்போது சால்மன் தீவனத்தில் சேர்கிறது.