கொள்கைக் கலாசாலைகளில் மாணாக்கர் சங்கங்கள்

மதுரையினின்று மேலூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், யானைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது ஒத்தக்கடை என்னும் ஊர். ஊர்ப்பெயரின் முன் ‘யா’ என்னும் எழுத்தைச் சேர்த்து எழுதுவது வழக்கம். அது யானைமலையைக் குறிக்கும். இங்கே 1965-ஆம் ஆண்டு தொடங்கிய வேளாண்மைக் கலாசாலை நடைபெற்று வருகின்றது. 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதற்கு அண்மையில் திறக்கப்பெற்றது. ஆதலின் உழுவோரும், உழவுநூல் கற்போரும், வழக்குரைப்போரும் ஒரே சாலையிற் செல்லுதலை இவ்வூரில் நாள்தோறும் காணலாம்.

இம்மூவர் வாழ்வையும் அரசாங்கத்தார் வகுக்கும் விதிகள் தொடாத நாளில்லை. கண்மாய் நீரைக் காப்பது யார் கடமை? நன்செய் நிலத்தை வீட்டுமனையாக்க அனுமதி தருவது யார்? இத்தகைய வினாக்களுக்கு விடை தேடி, நன்மை தீமைகளை அளந்து, செயற்படுத்தக்க வழியைத் தெரிந்தெடுக்கப் பயிற்றுவிக்கும் கல்வியே பொதுக்கொள்கைக் கல்வி எனப்படுவது. அக்கல்வி நடைபெறும் உயர்தரக் கலாசாலைகளில் மாணாக்கர் அமைக்கும் சங்கங்கள் யாவை, அவற்றால் விளையும் பயன் யாது என்பதைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கல்வி மிகப் பழையதன்று. அமெரிக்க நாட்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1930-ஆம் ஆண்டிலும், ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1936-ஆம் ஆண்டிலும் இதற்கெனத் தனிக் கலாசாலைகளை நிறுவின. பின்னது 1966-இல் ஜான் கென்னடியின் பெயரைப் பெற்றது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் லீ குவான் யூ பெயரிய கலாசாலை 2004-இல் எழுந்தது. நம் நாட்டில் 1936-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் டாட்டா குடும்பத்தாரின் அறநிதியைக் கொண்டு சமூகப்பணிக் கலாசாலை ஒன்று தோன்றிற்று. மால்கம் ஆதிசேஷையா அவர்கள் 1971-இல் சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார்கள். பெங்களூர்த் தேசியச் சட்டக் கலாசாலையில் 2014 முதல் பொதுக்கொள்கையில் முதுகலைப் பட்டம் வழங்கும் வகுப்பும் ஏற்பட்டது. நம் மதுரைப் பகுதியிலும் கிராம வளர்ச்சிப் பணியாளரைப் பயிற்றுவிக்க டாட்டா-தான் அகாதெமி 2000-இல் தொடங்கப்பெற்றது.

நிற்க. வகுப்பறையும் நூல்நிலையமும் இருக்கச் சங்கங்கள் எதற்கு என வினவலாம். வகுப்பில் ஆசிரியர் ஒரு கணக்கைத் தருகின்றார். அதற்கு விடையும் அவரிடம் உண்டு. ஊரிலோ விடை ஒருவர் கையிலும் இல்லை. கண்மாயைக் காக்க வேண்டுமென்பார் ஒருவர். அதன் கரையில் நாற்பதாண்டு குடியிருக்கின்றேன் என்பார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. மாறுபட்டாரோடு ஒரே மேசையில் அமர்ந்து, அவர் சொல்வதை முற்றக் கேட்டு, கோபமின்றி ஒரு முடிவுக்கு வருதல் நூலாற் கைவருவதன்று, பழக்கத்தால் வருவது. அப்பழக்கத்திற்கு இடம் தருவதே சங்கம்.

கொள்கைக் கலாசாலைகளில் உள்ள சங்கங்களைப் பெரும்பாலும் நால்வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மாணாக்கர் பிரதிநிதி சபை. பாடத்திட்டம், விடுதி, கட்டணம் முதலியவற்றில் மாணாக்கர் கருத்தை நிர்வாகத்தாரிடம் எடுத்துரைப்பதும், பிற சங்கங்களுக்குப் பணத்தைப் பங்கிடுவதும் இதன் வேலை. சிறிய வரவு செலவுத் திட்டம் ஒன்றை முதன்முதலில் மாணாக்கர் கையாள்வது இங்கேதான். இரண்டாவது, தர்க்க சபை. இதற்கு மூலமாக விளங்குவன 1815-இல் கேம்பிரிட்ஜிலும் 1823-இல் ஆக்ஸ்போர்டிலும் தோன்றிய சபைகளாம். மூன்றாவது, பத்திரிகைக் குழு. ஹார்வர்டில் கென்னடி கலாசாலை மாணாக்கர் கொள்கை ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றைத் தாமே நடத்துகின்றனர். நான்காவது, ஒரு பொருளையோ ஒரு நாட்டாரையோ பற்றிக் கூடும் குழுக்கள்: நீர், கல்வி, நகர அமைப்பு என்று பொருள்பற்றிக் கூடுவன சில, தென்னாசிய மாணாக்கர், ஆப்பிரிக்க மாணாக்கர் என்று இடம்பற்றிக் கூடுவன சில.

நம் நாட்டுக் கலாசாலைகளிலும் இவற்றையொத்த முயற்சிகள் முன்னரே நிகழ்ந்துள்ளன. ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றி மாணாக்கர் அறிந்து விவாதிக்கவேண்டுமென்று 1950-களில் கலாசாலைகள்தோறும் திட்ட மன்றங்கள் அமைக்கப்பட்டன. அவற்றை ஊக்கிய மத்தியத் திட்டக் கமிஷனே 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு இல்லையாயிற்று. காந்தியடிகள் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணாக்கரைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. அது இன்றும் நடைபெறுகின்றது. ஒத்தக்கடை வேளாண்மைக் கலாசாலையின் இறுதியாண்டு மாணாக்கர் கிராமங்களிற் சென்று தங்கி, ஊராரைக் கொண்டே தரையில் ஊர்ப்படம் வரைவித்து, வயலும் வாய்க்காலும் இருக்கும் நிலையை அறிந்து வருதல் அவர்தம் பாடத்தின் ஒரு பகுதியாகும். இது சங்கமன்று எனினும், சங்கத்தார் கைக்கொள்ளத்தக்க முறையாகும்.

ஒரு சங்கம் ஒரு பொருளை எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்பதை எடுத்துக்காட்டால் விளக்குவோம். நீர்பற்றிய மாணாக்கர் சங்கமொன்று ஒரு கண்மாயைத் தன் பொருளாகக் கொண்டதென வைத்துக்கொள்க. முதற்கண் அறியவேண்டியது, அஃது எவர் பொறுப்பில் உள்ளது என்பது. தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய கண்மாய்கள் அரசாங்கத்தின் நீர்வளத் துறையாரிடமும், அதனிற் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தாரிடமும் இருத்தல் பொதுவான ஏற்பாடு. இதனை அறியாது விண்ணப்பம் எழுதினால் அது அலுவலகம் அலுவலகமாய்ச் சுற்றித் திரும்பும்.

இரண்டாவது, ஏடுகளைப் பெறுதல். தகவல் அறியும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லும் இந்தியா முழுமைக்கும் 2005-லும் இயற்றப்பட்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் முப்பது நாளுக்குள் விடை தரப்படல் வேண்டும். மூன்றாவது, ஊராரைக் கேட்டல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகின்றது. அங்கே பேசுவதற்கு முன் கேட்டிருத்தல் மாணாக்கர்க்கு அழகு. நான்காவது, சங்கத்துள் விவாதம். ஒருவர் ஆயக்கட்டு உழவர் பக்கமும், ஒருவர் கரையிற் குடியிருப்போர் பக்கமும், ஒருவர் செலவு செய்யும் அரசாங்கத்தார் பக்கமும் நின்று பேசல் வேண்டும்; அடுத்த கூட்டத்தில் அவர்கள் பக்கம் மாறிப் பேசல் வேண்டும். இறுதியில் வழிகள் மூன்றினை, ஒவ்வொன்றின் செலவும், அச்செலவைச் சுமப்பவர் இன்னார் என்பதும் தெரிய, இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி ஊராட்சியாரிடம் கொடுத்தல் வேண்டும். ஊராருக்கு விளங்காத அறிக்கை ஊராருக்கு எழுதியதாகாது.

இனி, சங்கங்களின் மேற் சொல்லப்படும் குறைகளையும் மறைத்தலாகாது. மாணாக்கர் தேர்தல்களிற் பணமும் அடிபிடியும் புகுந்து பல கலாசாலைகள் தேர்தலையே கைவிட்டன. இதனை ஆராய்ந்த லிங்டோ கமிட்டியின் பரிந்துரைகளை 2006-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேற் செலவிடலாகாது. வகுப்பு வருகை நூற்றுக்கு 75 இருத்தல் வேண்டும். முடிவு வெளியான இரண்டு வாரத்துள் கணக்கு ஒப்புவித்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில.

இவ்விதிகள் நமக்குப் புதியனவல்ல. திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள மானூரில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் காலத்துச் சாசனம் ஒன்று உண்டு. ஊர்ச்சபையிற் கொண்டுவரும் காரியம் எதுவாயினும் அதற்கு மறுப்பே சொல்லித் தடுப்பார்க்கு ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கின்றது. உத்தரமேரூரிலுள்ள சோழர் சாசனமோ, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் தேர்ந்தெடுக்கத் தகாதவராக்கிற்று. மறுத்துரைக்கும் உரிமை வேறு, மறுப்பையே தொழிலாக்குதல் வேறு என்பதையும், பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும் என்பதையும் நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்தனர். அச்சபைகளில் நிலமுடையார் சிலரே இடம்பெற்றனர் என்பதையும் உடன் நினைத்தல் நேர்மை. இக்காலத்துச் சங்கம் அக்குறையையும் நீக்கல் வேண்டும். சங்கத்தின் கதவு தமிழ்வழியிற் பயின்று வந்தவனுக்கும், தன் குடும்பத்தில் முதன்முதற் கலாசாலை புகுந்தவளுக்கும் தாழிடப்படுமாயின், அங்கு எழுதப்படும் கொள்கை நாட்டின் ஒருபாதியை அறியாத கொள்கையாகவே முடியும்.

அரசியல் மாணாக்கர்க்கு ஆகாது என்பாரும் உளர். அரசியற் சட்டத்தின் 61-ஆம் திருத்தத்தால் 1989 முதல் பதினெட்டு வயது நிரம்பியவர் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். நாட்டை ஆள்வோரைத் தேரத் தகுந்தவர் என்று சட்டம் சொல்லும் ஒருவனை, தன் விடுதியின் காரியதரிசியைத் தேரத் தகாதவன் என்று சொல்லுதல் பொருந்துமோ? கட்சிக்கு ஆட்பிடிக்கும் இடமாகச் சங்கம் ஆகாதவாறு காத்தல் வேறு. சங்கத்தையே மூடிவிடுதல் வேறு.

இவை எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அது தொடர்ச்சியின்மை. இரண்டாண்டுப் படிப்பில் மாணாக்கர் வருவர், போவர். ஒரு குழு தொடங்கியதை அடுத்த குழு அறிவதில்லை, ஒவ்வோராண்டும் பழைய வினா புதிதாகக் கேட்கப்படுகின்றது, ஊராரும் சலிப்படைகின்றனர். கூட்டக் குறிப்பேடு, பெற்ற விடைகளின் நகல், கண்டு பேசியோர் விவரம், முடியாத வேலைகளின் பட்டியல் ஆகிய நான்கையும் புதிய காரியதரிசியிடம் நேரில் ஒப்புவித்தாலன்றிப் பழையவர் விடைபெறலாகாது என்று ஒவ்வொரு சங்கமும் விதி செய்துகொள்வதே இதற்கு மருந்து.

யானைமலையின் அடியில், நரசிங்கத்தில், மலையைக் குடைந்தமைத்த கோயிலொன்று உண்டு. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சனாகிய மாறன் காரி அதனைச் செய்வித்தான். கி. பி. 770-ஐச் சேர்ந்த அதன் சாசனம் கூறுகிறபடி, பிரதிஷ்டை நிகழுமுன் அவன் உயிர் நீத்தான். அவனுக்குப்பின் அமைச்சனான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் சேர்த்து அப்பணியை நிறைவேற்றினான். அமைச்சர்க்கே ஒரு வாழ்நாள் போதவில்லையெனில், இரண்டாண்டு மாணாக்கர்க்குப் போதுவதெங்ஙனம்? ஆதலின் நம் கலாசாலையிற் சங்கம் நடத்தும் நண்பர்கள் இவ்வாண்டு விடைபெறுமுன் தத்தம் குறிப்பேடுகளை ஒழுங்குசெய்து, அடுத்து வருவார் கையிற் கொடுத்துச் செல்வார்களாக.